கடற்காற்று ஊரில் துப்பாக்கிக்கு எந்த மேற்பூச்சு? ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்கும் முறை

இரட்டைக்குழல் துப்பாக்கியோ, கான்பூரில் செய்த .32 ரிவால்வரோ, போட்டிக்கு எடுத்துச் செல்லும் ரைபிளோ, எதுவாக இருந்தாலும் சென்னையில் வைத்திருப்பவருக்கு அதன் மேற்பூச்சு வெறும் அழகு சார்ந்த விஷயமாக நெடுநாள் இருப்பதில்லை. வறண்ட ஊர் ஒன்றில் பல ஆண்டுகள் மெருகு குலையாமல் இருந்த கருநீலக் குழலில், பெசன்ட் நகருக்கோ திருவான்மியூருக்கோ வந்த முதல் வடகிழக்குப் பருவமழையிலேயே செம்புள்ளிகள் தோன்றிவிடக்கூடும். விளம்பரங்களும் வெளிநாட்டுக் கட்டுரைகளும் மேற்பூச்சுகளைப் பெரும்பாலும் கடினத்தன்மையையும் நிறத்தையும் வைத்தே ஒப்பிடுகின்றன. நம் ஊருக்கு அந்த ஒப்பீடு போதாது. ஒரு பூச்சு தானாகவே நீரையும் உப்பையும் தடுக்கிறதா, அல்லது எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொண்டு அந்த எண்ணெயின் தயவில் நிற்கிறதா என்பதைத்தான் இங்கே முதலில் கேட்க வேண்டும். கடினம், நிறம், விலை எல்லாம் அதற்குப் பிறகு வரட்டும்.

உப்பு செய்யும் வேலை

சுத்தமான எஃகு, காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 60 விழுக்காட்டைத் தாண்டிய பிறகே குறிப்பிடத்தக்க வேகத்தில் துருப்பிடிக்கத் தொடங்கும். சென்னையில் ஆண்டின் பெரும்பகுதி நாட்களில் காலை ஈரப்பதம் இந்த அளவைத் தாண்டியே இருக்கிறது. அதோடு உப்பும் சேர்ந்துவிட்டால் கணக்கே மாறிவிடும். சோடியம் குளோரைடு சுமார் 75 விழுக்காட்டு ஈரப்பதத்தில் காற்றிலுள்ள நீரை இழுத்துக் கரைசலாகிறது. கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கோ சுமார் 33 விழுக்காடே போதுமானது. ஆகவே கடற்காற்றின் உப்புத்துகள் படிந்த எஃகு, குளிரூட்டிய அறையில் இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாத ஈரத்தோடேயே இருக்கும். கைவியர்வையிலும் உப்பு இருப்பதால், அண்ணா நகரிலோ ஆவடியிலோ வசிப்பவர் தமக்கும் கடலுக்கும் இடையே தூரம் இருக்கிறது என்று நிம்மதி கொள்வதற்கில்லை. விசைக்காப்பின் உட்புறமும், பிடிக்கட்டையும் உலோகமும் சேரும் விளிம்பும், பிடித்தகடுகளுக்கு அடியில் உள்ள சட்டமும்தான் முதலில் துருவேறும் இடங்கள். பூச்சுகளை ஒப்பிடும்போது குழலின் வெளிப்புறத்தை மட்டும் மனத்தில் கொள்ளாமல், துணி நுழையாத இந்த இடங்களையும் சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம் மாநிலத்தில் வைத்திருப்பவர்கள் கணக்கில் எடுக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. தேர்தல் அறிவிப்பு வந்ததும் உரிமத் துப்பாக்கிகளைப் பெரும்பாலும் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டியிருக்கிறது. திருப்பித் தரும்வரை பல வாரங்கள் அது உங்கள் கைக்கு எட்டாது. துடைத்து எண்ணெயிடவும் முடியாது. வாரந்தோறும் பராமரித்தால் மட்டுமே தாங்கும் பூச்சு, அந்த வாரங்களில் என்ன ஆகும் என்பதையும் யோசித்தே தேர்வு செய்ய வேண்டும்.

எண்ணெயை நம்பி நிற்கும் பூச்சுகள்

நாம் மிக அதிகமாகக் காண்பது புளூயிங். காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் கரைந்து, சுமார் 135 முதல் 150 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் தொட்டியில் எஃகை மூழ்க வைக்கும்போது, மேற்பரப்பு இரும்பே மேக்னடைட் எனும் கருநிற ஆக்சைடாக மாறுகிறது. கிண்டி, அம்பத்தூர் தொழிற்பேட்டைகளில் இயந்திர உதிரிகளுக்குச் செய்யப்படும் கெமிக்கல் பிளாக்கனிங்கும் அடிப்படையில் இதே வேலைதான். அந்தப் படலத்தின் தடிமன் ஏறக்குறைய ஒரு மைக்ரான். பாகத்தின் அளவு மாறாது, திருகும் மரையும் பழையபடியே பொருந்தும், மெருகிட்ட எஃகில் அதன் கருநீல ஆழத்துக்கு இணையான பூச்சு வேறு இல்லை என்பது என் எண்ணம். ஆனால் நீரைத் தடுக்கும் திறன் அதற்குத் தனியாக மிகக் குறைவு. எண்ணெய் வற்றிய புளூயிங், சென்னை மழைக்காலத்தில் வெறும் எஃகைவிடச் சற்றே மேல், அவ்வளவுதான். இந்தத் தொட்டி அலுமினியத்தைக் கரைத்துவிடும். சாதாரண புளூயிங் கரைசல் துருப்பிடிக்காத எஃகில் பிடிக்காது. மரையிடுக்குகளில் தங்கிவிட்ட காஸ்டிக் உப்பு சில நாட்கள் கழித்து வெள்ளையாகக் கசிந்து வெளிவரும். நம் ஈரக்காற்றில் அதுவே புதிய துருவுக்கு வித்தாகும்.

பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி வைத்திருப்போர் இங்கே மிகுந்த எச்சரிக்கையோடு இருக்க வேண்டும். அவற்றில் பலவற்றின் இரு குழல்களையும், இடையில் ஓடும் பட்டையையும் ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றாசால் ஒட்டியிருப்பார்கள். கொதிக்கும் காஸ்டிக் கரைசல் அந்தப் பற்றாசைத் தின்றுவிடும். அத்தகைய குழல்களுக்கு உரியது, துருவையே கருவியாகக் கொள்ளும் ரஸ்ட் புளூயிங் என்ற பழைய முறை. பிசுக்கு முற்றிலும் நீக்கிய குழலில் நீர்த்த அமிலக் கரைசலை மெலிதாக ஒருமுறை தடவி ஈரமான பெட்டியில் தொங்கவிட்டால், சில மணி நேரத்தில் மேற்பரப்பெங்கும் செம்பழுப்பு நிறத்தில் மென்துரு படர்கிறது. அதைக் காய்ச்சி வடித்த நீரில் கொதிக்க வைக்கும்போது அந்தச் சிவப்பு கண்ணெதிரிலேயே வெல்வெட்டுத் துணி போன்ற கருமையாக மாறும். மிக நுண்ணிய எஃகுக் கம்பளியால் மெல்லத் தேய்த்தால் தளர்ந்த பொடி உதிர்ந்து, உலோகத்தோடு பிணைந்த படலம் மட்டும் நிற்கும். கருமை ஆழமாகும்வரை இந்தச் சுற்றைப் பலமுறை திரும்பச் செய்ய வேண்டும். நாட்கணக்கில் பொறுமையும் கூலியும் கேட்கும் வேலை இது. ஆனால் வெப்பம் நீரின் கொதிநிலையைத் தாண்டாததால் பற்றாசுக்கு ஆபத்தில்லை. இந்த வேலைக்கு வேண்டிய ஈரம் சென்னைக் காற்றில் தாராளமாகவே இருப்பதால், மற்ற ஊர்க் கைவினைஞர்கள் செயற்கையாக ஏற்படுத்திக்கொள்ளும் சூழல் நமக்கு இயல்பாகவே கிடைக்கிறது.

கோல்ட் புளூ என்று குப்பியில் விற்கப்படும் திரவம் இவற்றின் வரிசையில் சேராது. செலினியச் சேர்மமும் தாமிர உப்பும் சேர்ந்து ஒரு கருநிறப் படிவை ஏற்படுத்துகின்றனவே தவிர, அதில் பாதுகாப்பு என்று சொல்லத்தக்கது ஏதும் இல்லை. சிறு கீறலின் நிறத்தை மறைக்கலாம். முழுக் குழலுக்கும் அதை நம்பக் கூடாது. அது நச்சுத்தன்மை உடையது என்பதால் கையுறையின்றித் தொடவும் கூடாது.

பாஸ்பேட் பூச்சும் எண்ணெயை நம்பியதுதான், ஆனால் அந்த எண்ணெயைப் பிடித்து வைப்பதில் புளூயிங்கைவிடப் பல படி மேலானது. 1915-இல் டெட்ராய்ட்டில் தொடங்கிய பார்க்கர் நிறுவனத்தின் பெயரால் பார்க்கரைசிங் என்று அறியப்பட்டு, இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையின் துப்பாக்கிகளில் பரவலாக இடம்பெற்றது. 90 டிகிரிக்கு மேல் சூடாக்கிய பாஸ்பாரிக் அமிலக் கரைசலில் மாங்கனீஸ் அல்லது துத்தநாக பாஸ்பேட் படிகங்கள் எஃகின் மேல் வளர்கின்றன. படிகங்களுக்கு இடையே உள்ள நுண்துளைகள் எண்ணெயை உறிஞ்சி நெடுநாள் விடாமல் வைத்திருக்கும். சாம்பலும் கருமையும் கலந்த, ஒளி மினுங்காத தோற்றம் எல்லோருக்கும் பிடிக்காது. தேய்மானம் உள்ள பாகங்களுக்கு மாங்கனீஸ் ஏற்றது. மேலே வண்ணம் அடிக்கப் போவதானால் துத்தநாகம் நல்லது. திருப்பெரும்புதூர், ஒரகடம் பக்கத்து வாகனத் தொழிலுக்காக இந்த முறை நம் வட்டாரத்தில் நன்கு பழகிய ஒன்று என்பதால், வேலையின் தரத்தைக் கேட்டறிவது எளிது. குழலின் உட்புறத்தை இறுக அடைத்த பிறகே தொட்டியில் இறக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. வாராவாரம் பராமரிக்க நேரமில்லாத எளிய எஃகுத் துப்பாக்கிக்கு, புளூயிங்கையும் பாஸ்பேட்டையும் எதிரெதிரே வைத்தால், தயக்கமின்றி பாஸ்பேட்டையே பரிந்துரைப்பேன்.

தாமே தடுக்கும் பூச்சுகள்

முலாம்களில் எலெக்ட்ரோலெஸ் நிக்கல் கவனத்துக்குரியது. மின்சாரம் இல்லாமல் வேதிவினையால் படிவதால் மூலைகளிலும் துளைகளிலும்கூட ஒரே தடிமனில் அமைகிறது. பாஸ்பரஸ் 10 விழுக்காட்டுக்கு மேல் உள்ள வகை அரிப்பை நன்றாகத் தாங்கும். எனவே கடையில் கேட்கும்போது நிக்கல் என்று மட்டும் சொல்லாமல் உயர் பாஸ்பரஸ் வகை என்று குறிப்பிட வேண்டும். சுமார் 400 டிகிரியில் சூடேற்றினால் கடினம் மிகும், ஆனால் அதே வேளையில் அரிப்பைத் தாங்கும் திறன் குறைவதால் நமக்கு அது வேண்டியதில்லை. குழலில் படியும் தாமிரத்தை நீக்க விற்கப்படும் அம்மோனியா கலந்த கரைப்பான்கள் நிக்கலைத் தாக்கும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

ஹார்டு குரோம் தேய்மானத்துக்கு நிகரற்றது. குழலின் உட்புறத்துக்குப் படைத்துப்பாக்கிகளில் அதைப் பயன்படுத்துவது அதனால்தான். அரிப்புக்கு அதே புகழைத் தர முடியாது. அதன் படலத்தில் இயல்பாகவே நுண்விரிசல்கள் இருக்கும். குரோமும் நிக்கலும் எஃகைவிட அரிப்புக்கு உட்படாதவை என்பதால், முலாமில் ஓர் ஊசித்துளை விழுந்தால் அரிப்பின் முழு வேகமும் அந்தத் துளைக்கு அடியிலுள்ள எஃகின் மேல் குவிந்து ஆழமாகக் குழி பறிக்கும். வெளியே பளபளப்பு அப்படியே இருக்க, உள்ளே எஃகு போய்க்கொண்டிருக்கும். இதைத் தவிர்க்க, குரோமுக்கு அடியில் நிக்கல் ஒரு படலம் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். மின்முலாம் இடும்போது எஃகுக்குள் புகும் ஹைட்ரஜன், கடினமான எஃகை நொறுங்கக்கூடியதாக்கும். வேலை முடிந்த சில மணி நேரத்துக்குள் சுமார் 200 டிகிரியில் பல மணி நேரம் சுடுவார்களா என்று கேளுங்கள். தெளிவான பதில் வராத இடத்தில் கொடுக்க வேண்டாம். சுருள்வில்களுக்கு மின்முலாமே வேண்டாம்.

என் மதிப்பீட்டில் இந்த ஊருக்கு மிகப் பொருத்தமானது, பாகம் தாங்குமானால், உப்புக்குளியல் நைட்ரைடிங். கிளாக் கைத்துப்பாக்கிகளால் டெனிஃபர் என்ற பெயரில் பரவலாக அறியப்பட்ட முறை இது. சுமார் 570 முதல் 580 டிகிரியில் உருகிய உப்பில் வைக்கும்போது நைட்ரஜனும் கரிமமும் எஃகுக்குள் ஊடுருவி, மேற்பரப்பையே வேறொரு கடினச் சேர்மமாக மாற்றுகின்றன. உரிந்து விழ அதில் தனிப் படலம் என்று ஏதும் இல்லை. உட்குழலும் சேர்ந்தே பாதுகாப்புப் பெறும். ஆனால் அந்த வெப்பம் எல்லாவற்றுக்கும் ஏற்றதன்று: பற்றாசிட்ட குழல் பிரிந்துவிடும், சுருள்வில் தன் விறைப்பை இழக்கும், பக்குவப்படுத்திய வெப்பநிலை இதைவிடக் குறைவான பாகங்கள் மென்மையாகிவிடும். எஃகின் வகை தெரியாத பழைய துப்பாக்கியை அந்தத் தொட்டியில் இறக்குவது ஆபத்தான சூதாட்டம்.

செராகோட் போன்ற, பாலிமரும் பீங்கான் துகளும் கலந்த அடுப்பில் சுடும் பூச்சுகள் உப்புக்கு எதிரான தடுப்பில் மிகச் சிறப்பானவை. சுமார் 25 மைக்ரான் தடிமனில், ஏறக்குறைய 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் சுட்டு எடுக்கிறார்கள்; அலுமினியம், எஃகு, துருப்பிடிக்காத எஃகு எல்லாவற்றிலும் ஏறும். பற்றாசும் அந்த வெப்பத்தைத் தாங்கும். உரசும் தளங்களில் இந்தத் தடிமன் இடைவெளியைத் தின்று, பாகங்கள் இறுகிவிடக்கூடும். காலப்போக்கில் அங்கே பூச்சு தேயவும் செய்யும். எனவே தோட்டாவை ஏற்றிப் பூட்டும் இயந்திரப் பகுதியான ஆக்‌ஷனின் உட்புறத்தை பாஸ்பேட்டோடு விட்டுவிட்டு, வெளிப்புறத்துக்கு மட்டும் இதை இடுவது நல்ல ஏற்பாடு.

டி.எல்.சி. (வைரத்தைப் போன்ற கரிமப் படலம்) போன்ற, வெற்றிடத்தில் படியவைக்கும் பூச்சுகள் சில மைக்ரான் தடிமனில் மிகக் கடினமானவை. உரசலுக்கு அருமையானவை, ஊசித்துளைகள் இருப்பதால் சாதாரண எஃகில் துருவைத் தடுக்க அவை மட்டும் போதாது. அலுமினியச் சட்டங்களுக்கு, மின்சாரத்தால் மேற்பரப்பில் தடித்த ஆக்சைடு படலத்தை வளர்க்கும் ஹார்டு அனோடைசிங் ஒன்றே போதுமானது. துருப்பிடிக்காத எஃகு என்ற பெயரை அப்படியே நம்பிவிட வேண்டாம்: குழல்கள் செய்யப் பயன்படும் 416 வகையில் கடைவதற்கு எளிதாகக் கந்தகம் சேர்த்திருப்பதால், உப்புப் படிந்தால் அதுவும் புள்ளி விழும்.

வாங்கும் முன் நீங்களே ஒப்பிட

உப்புத்தூவல் சோதனையில் இத்தனை மணி நேரம் தாங்கியது என்று பலரும் எண் சொல்வார்கள். 35 டிகிரியில் 5 விழுக்காட்டு உப்புக்கரைசலைத் தொடர்ந்து தூவும் அந்தச் சோதனையின் மணிக்கணக்கை வீட்டு அலமாரியின் ஆண்டுக்கணக்காக மாற்ற முடியாது. ஒரே கூடத்தில், ஒரே எஃகில், ஒரே நேரத்தில் சோதித்த இரண்டு பூச்சுகளுக்கு இடையே எது மேல் என்று அறிய மட்டும் அது உதவும். காரைக்குடியில் உள்ள சிக்ரி எனும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம், இராமேசுவரம் அருகே மண்டபம் என்ற கடலோர ஊரில் உலோகங்களைக் கடற்காற்றிலேயே வைத்து ஆராய்வதற்குக் காரணம், உண்மைச் சூழலுக்கு மாற்று இல்லை என்பதுதான்.

அதையே சிறிய அளவில் நீங்களும் செய்யலாம். பாரிமுனைப் பக்கத்து இரும்புக் கடையில் இ.என். 19 எனும் குரோமியம், மாலிப்டினம் கலந்த எஃகுக் கம்பி வாங்கி, விரலளவு துண்டுகளாக வெட்டி, எல்லாவற்றையும் ஒரே எண் உப்புத்தாளால் தேய்த்து, ஒவ்வொரு பூச்சுக்கும் இரண்டு துண்டுகள் கொடுங்கள். அவை வெறும் எஃகுத் துண்டுகள் என்பதால் எந்தப் பட்டறையிலும் கொடுக்கலாம். திரும்பி வந்ததும் ஒவ்வொன்றிலும் எஃகு தெரியும்வரை பெருக்கல் குறியாக ஒரு கீறல் போட்டு, ஒன்றுக்கு மட்டும் எண்ணெயிட்டு, மழை நேரடியாகப் படாத மாடித் தாழ்வாரத்தில் நூலில் தொங்கவிடுங்கள். மழை படும் இடத்தில் உப்பு கழுவப்பட்டுவிடும்; தாழ்வாரத்தில் அது சேர்ந்துகொண்டே போகும் என்பதால் சோதனை அங்கேதான் கடுமையாகும். முதலில் எண்ணெயில்லாத புளூயிங் துண்டு சிவக்கும். அதன்பின் கீறலின் ஓரங்களைக் கவனியுங்கள். துரு கீறலுக்குள்ளேயே நிற்கிறதா, அல்லது பூச்சுக்கு அடியில் பக்கவாட்டில் ஊர்ந்து கொப்புளமாகிறதா? பூச்சின் தரத்தையும் பட்டறையின் தரத்தையும் ஒருசேரக் காட்டும் இடம் அதுவே. மோசமாகச் செய்த நல்ல பூச்சு, ஒழுங்காகச் செய்த எளிய பூச்சிடம் தோற்பதை இந்தத் துண்டுகளில் கண்ணாரக் காணலாம்.

தோல்விக்குப் பெரும்பாலும் காரணம் அடித்தளத் தயாரிப்பில்தான் இருக்கும். பிசுக்கு நீக்கிய எஃகின் மேல் தண்ணீர் ஊற்றினால், அது முத்து முத்தாகப் பிரியாமல் ஒரே தகடாகப் படர்ந்து நிற்க வேண்டும். பிரிந்தால் எண்ணெய் இன்னும் இருக்கிறது என்று பொருள். செராகோட்டுக்கு அலுமினியம் ஆக்சைடு மணல்வீச்சும், பாஸ்பேட்டுக்கு மிதமான மணல்வீச்சும், புளூயிங்குக்கு ஒரே சீரான மெருகும் வேண்டும். பஃபிங் சக்கரத்தில் அவசரமாகத் தேய்ப்பவர் விளிம்புகளை மழுக்கி, எழுத்துகளையும் கரைத்துவிடுவார்.

எழுத்துகள் கரைவது அழகுக்கேடு மட்டுமாக முடியாது. 1959 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 8 ஆவது பிரிவு, துப்பாக்கியின் எண்ணையோ அடையாளக் குறியையோ அழிப்பதையும் மாற்றுவதையும் தடை செய்கிறது. 5 ஆவது பிரிவின்படி பிறர் துப்பாக்கியைத் தொழிலாகப் பழுதுபார்ப்பவருக்கும் உரிமம் வேண்டும். பாகங்களும் சட்டத்தின் பார்வையில் ஆயுதமே. ஆகவே சோதனைத் துண்டுகளை எங்கு கொடுத்தாலும், துப்பாக்கியை உரிமம் பெற்ற வணிகர் அல்லது பழுதுநீக்குநர் மூலமாக மட்டுமே கொடுத்து, எண் குறிப்பிட்ட ரசீது பெற வேண்டும். ஐயம் இருந்தால், சென்னையில் உரிமம் வழங்கும் மாநகரக் காவல் ஆணையர் அலுவலகத்தில் முன்கூட்டியே எழுதிக் கேட்டுக்கொள்வது நல்லது. தாத்தா காலத்துத் துப்பாக்கியில் வேலைப்பாடோ, முறுக்குக் கம்பியால் அடித்த டமாஸ்கஸ் குழலோ இருந்தால் புதுப் பூச்சே வேண்டாம். எழும்பூர் அருங்காட்சியகத்தில் தஞ்சை ஆயுதச்சாலையிலிருந்து வந்தவற்றைப் பார்த்தவர்களுக்கு, அந்தப் பழைய மேற்பரப்பே அவற்றின் மதிப்பு என்று புரிந்திருக்கும். மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு மெலிதாகத் தடவிக் காப்பதே அவற்றுக்கு உகந்தது.

துப்பாக்கி பூச்சு முடிந்து வந்ததும், ரசீதில் உள்ள எண்ணைக் குழலில் உள்ளதோடு ஒப்பிட்டு, எழுத்துகளின் விளிம்பு கூர்மையாக இருக்கிறதா என்று சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். திருகுகள் தடையின்றி இறங்குகின்றனவா, ஆக்‌ஷன் முழுவதுமாக மூடித் திறக்கிறதா என்பதை வெற்றுத் துப்பாக்கியில் பழுதுநீக்குநர் முன்னிலையிலேயே சரிபார்க்க வேண்டும். புளூயிங் என்றால் முதல் இரண்டு வாரங்கள் மரை சேரும் கோடுகளில் வெண்கசிவு தென்படுகிறதா என்று நாள்தோறும் கவனித்து, தென்பட்டால் துடைத்து மறைக்காமல் திருப்பிக் கொடுத்து, கொதிநீரில் மறுபடி கழுவச் சொல்லுங்கள். தோல் உறையிலும் கான்வாஸ் பையிலும் ஈரம் தங்கும் என்பதால், நிலையாக வைப்பதற்குப் பூட்டிய இரும்பு அலமாரியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நிறங்காட்டும் நீல மணிகள் இளஞ்சிவப்பானால் சுமார் 120 டிகிரியில் சூடாக்கி உலர்த்தி மீண்டும் பயன்படுத்தலாம். தேர்தலுக்காக ஒப்படைக்கும் முன் பிடித்தகடுகளைக் கழற்றி அவற்றின் அடியிலும் மெழுகு தடவி, குழலின் உட்புறத்துக்குக் கெட்டியான துருத்தடுப்பு எண்ணெய் இடுங்கள். திரும்பி வந்த அன்றே அதை முழுவதுமாகத் துடைத்தெடுத்து, குழல் அடைப்பின்றி இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்த பிறகே அலமாரியில் வைக்க வேண்டும்.